ஒரு தடவை அழுத்தினால் கீழ்வீடு

1.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தப்பான இடத்தில் பிறந்தது. இதன் முதல் நான்கு வாக்கியங்களை எழுதியவன், தன் கோப்பில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு, வேறொருவர் வேலையின் நடுமண்டையில் எழுதிவிட்டான். அந்த வேறொருவர் அவனுடைய அக்கா. அந்த வேலை அப்போது பதினேழு நாளாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் தம்பி நான் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவனுக்கு மீசை உண்டு.

[உனக்கா? கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாரு.]

(மேலே சதுர அடைப்புக்குள் இருப்பது நான் எழுதியது அல்ல. இனி வரும் சதுர அடைப்புகளும் அப்படியே. யார் எழுதியது, எப்படி உள்ளே புகுந்தது என்பது ஆறாம் பகுதியில் வரும். இந்த விளக்கத்தைக் கடைசியில் வந்து சேர்த்தேன். அதுவரை, குடியிருக்கும் வீட்டில் வீட்டுக்காரர் அவ்வப்போது வந்து எட்டிப்பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.)

இப்போது வியாழக்கிழமை காலை மணி ஒன்பதே கால். பதினொரு மணிவாக்கில் ஒன்று நடக்கும், அல்லது நடக்காது. அதற்குள் கதையை முடித்தாக வேண்டும். எழுத்தாளர்கள் காலக்கெடு என்று புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். இது அந்த வகை இல்லை. இது நிஜக் கெடு.

2.

கதை தொடங்கியதும் ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும் என்பார்கள். அக்காவை உட்காரவைப்பது கஷ்டம். அவள் நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே பல் தேய்ப்பாள். ஒரு துறைமுகத்தின் வாயிலில் மணல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று ஐந்து வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். ஐந்து வருடமும் வீட்டில் மணல்தான் பேச்சு. ஆனால் கடற்கரைக்குப் போகலாமா என்று கேட்டால் வேலை இருக்கிறது என்பாள்.

[அந்த ஞாயித்துக்கிழமை நெஜமாவே வேலை இருந்துச்சு.]

அவள் ஆராய்ச்சிக்கு வேண்டிய கணக்கைப் போடும் கணினி நிரலை அவள் கைடுடைய கைடு எழுதியிருந்தார். பழைய நிரல். பத்தொன்பது நாள் வாயைத் திறக்காமல் யோசிக்கும். கடைசியில் ஏழு எண்களைத் திரையில் காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். எந்தக் கோப்பிலும் எழுதாது. ஏழு எண்ணுக்கு எதற்குக் கோப்பு, ஒரு துண்டுச் சீட்டு போதாதா என்று நினைத்த மனிதர் எழுதியது.

விடை தானாக ஒரு கோப்புக்குப் போகும்படி ஆரம்பத்திலேயே செய்திருக்கலாம். அக்காவுக்கு அது இரண்டாம் நாள்தான் உறைத்தது. நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் இரண்டு நாள் வீண். விட்டுவிட்டாள். "செஷன்லதான ஓடுது, எங்க போயிடப்போகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கத்தான் பார்க்கிறேன்.

நிரல் ஓடுவது ஆய்வகத்தில் இருக்கும் பெரிய கணினியில். நாளை மாலை அதைக் கழற்றி வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மறுபடி உயிர் வர ஒரு மாதம் ஆகும். ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள் திங்கட்கிழமை. அதைக் கொடுத்தால்தான் அடுத்த மாதம் முதல் தேதி அவள் சேர வேண்டிய வேலை. ஆக, அந்த ஏழு எண்களும் ஒரே ஒரு தடவைதான் வரும். இன்று, பதினொரு மணிக்கு.

3.

இங்கே ஒரு சின்ன விளக்கம். விஷயம் தெரிந்தவர்கள் நான்காம் பகுதிக்குத் தாவலாம். உங்களுக்கும் ஒரு நாள் நடக்கப்போவது அங்கே இருக்கிறது.

அக்காவின் லேப்டாப்பைத் திறந்தால் ஒரு கறுப்புத் திரை. அதில் டிமக்ஸ் என்று ஒரு நிரல். ஒரே திரைக்குள் பல அறைகளை வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்வர உதவுவது. நாம் வெளியே போய்விட்டாலும் அறைக்குள் ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும். இப்படி அறைகள் சேர்ந்த வீட்டுக்குத்தான் செஷன் என்று பெயர். ஆய்வகத்துக் கணினியிலும் இதே டிமக்ஸ்தான். அக்கா என்ன செய்வாள் என்றால், லேப்டாப் வீட்டின் முதல் அறையிலிருந்தபடி ஆய்வகத்து வீட்டைத் திறந்துவைப்பாள். லேப்டாப்பைக் கீழ்வீடு என்றும் ஆய்வகத்தை மேல்வீடு என்றும் வைத்துக்கொள்வோம். கீழ்வீட்டின் முதல் அறையில் நின்று பார்த்தால் மேல்வீடு முழுசாகத் தெரியும்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல் மணி. கன்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து அழுத்துவதுதான் மணி. ஒரு தடவை அழுத்தினால் கீழ்வீட்டுக்குக் கேட்கும். இரண்டு தடவை அழுத்தினால் மேல்வீட்டுக்குக் கேட்கும். அப்புறம் இரண்டு என்ற எண்ணைத் தட்டினால், மணி கேட்ட வீடு தன்னுடைய இரண்டாம் அறையைத் திறந்து காட்டும்.

இருக்கும் வீடு எதுவென்று தெரிய, திரையின் அடியில் வீட்டுக்கொரு பட்டை உண்டு. விவரமானவர்கள் மேல்வீட்டுப் பட்டைக்குச் சிவப்பு அடித்துவைப்பார்கள். அக்காவிடம் இரண்டுமே பச்சை. கேட்டதற்கு, "எங்க நிக்கிறோம்னு தெரியாதவங்களுக்குத்தான்டா கலர் வேணும்" என்றாள்.

[சொன்னேன். இப்பவும் சொல்றேன்.]

4.

செவ்வாய்க்கிழமை மாலை தம்பியின் லேப்டாப் மூடி கையோடு வந்துவிட்டது. கல்லூரி மலருக்குக் கதை கொடுக்க வேண்டிய நேரம். அக்காவிடம் போய் நின்றான். அவள் உடனே கொடுத்துவிடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய முதல் அத்தியாயம் இருந்த பென் டிரைவை அவன் சட்டைப் பையில் வைத்து, சட்டையை ஊறப்போட்டு, இரண்டையும் வெளுத்துக் காயப்போட்டவன். அன்றிலிருந்து அவள் அவனுக்கு ஒரு பேனா மூடிகூட இரவல் தந்ததில்லை.

[சட்டை வெளுத்துச்சு. அது உண்மை.]

அன்று என்னவோ கொடுத்தாள். வியாழக்கிழமை கணக்கு முடிந்துவிடும் என்ற சந்தோஷமாக இருக்கலாம். இரண்டு நாளைக்கு வைத்துக்கொள், நான் ஆய்வகத்துக் கணினியில் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கீழ்வீட்டின் இரண்டாம் அறையில் அவனுக்கு ஒரு காலிக் கோப்பைத் திறந்துவைத்தாள். வேறு எதையும் தொடாதே என்றாள். எழுதி முடித்ததும் கோப்பைச் சேமித்து மூடிவிட்டு, எக்ஸிட் என்று தட்டி என்டர் அடித்தால் அறை தானாக மூடிக்கொள்ளும் என்றாள். இதில் எக்ஸிட் மட்டும் அவன் காதில் விழுந்தது.

அவன் உட்கார்ந்தபோது திரையில் கீழ்வீட்டின் முதல் அறை, அதாவது மேல்வீடு தெரிந்தது. மணியை ஒரு தடவை அழுத்தி இரண்டு என்று தட்ட வேண்டும். ஒரு தடவை அழுத்தினான். கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவை அழுத்தினான். பிறகு இரண்டு.

மேல்வீடு தன் இரண்டாம் அறையைத் திறந்தது.

வெறுமையான திரை. கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டம். மேல் மூலையில் மட்டும் புரியாத ஒரு வரி இருந்தது. புரியாத வரிகளை அவன் பொருட்படுத்துவதில்லை. சக எழுத்தாளர்களைப் படித்துப் பழகியவன். விரல்களைச் சொடுக்கிவிட்டு ஆரம்பித்தான்:

    அன்று வானம் கறுத்திருந்தது

சீ என்று என்டர் அடித்தான்.

    கல்லூரி முதல்வருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது தான் முதல்வர்தானா என்று

வம்பு வேண்டாம். என்டர்.

    எந்தக் கதையும் இப்படித் தொடங்கக் கூடாது

என்றால் ஏன் தொடங்குகிறாய்? என்டர்.

    எங்கள் துறையின் கடைசி நாற்காலியும் ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்று

[இது பரவால்ல.]

இதற்கு மேல் ஓடவில்லை. நாற்காலி ஏன் ராஜினாமா செய்தது என்று அவனுக்கே தெரியவில்லை. என்டர் அடித்தான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று, சொல்லிக்கொடுத்தபடியே ஆங்கிலத்தில் தட்டினான்:

    எக்ஸிட்

[     ]

அறை மூடவில்லை. இன்னொரு என்டர் அடித்துப் பார்த்தான். அப்போதும் மூடவில்லை. அப்புறம்தான் மேல் மூலையில் இருந்த புரியாத வரியைப் படித்தான். அதில் ஒரு தேதி இருந்தது. அன்றைக்குப் பதினேழு நாள் பழைய தேதி.

5.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலிடம் எதைத் தட்டினாலும் அது காதில் வாங்காது. அந்த மட்டில் நல்லது. ஆனால் தட்டியது வீணாகப் போவதும் இல்லை. வாசலில் வரிசை கட்டி நிற்கும். நிரல் முடிந்ததும் கணினி கதவைத் திறந்து, வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நீ என்ன கட்டளை என்று கேட்கும். வானம் கறுத்திருந்தது என்றால், அப்படி ஒரு கட்டளை கிடையாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். முதல்வரையும் அப்படியே அனுப்பிவிடும். நாற்காலியையும்தான். ஐந்தாவது ஆள் எக்ஸிட். அவனைக் கணினிக்கு நன்றாகத் தெரியும். அவன் சொன்னால் கேட்கும். அறையை மூடும். அப்போதுதான் வந்து நிற்கும் ஏழு எண்களும் அறையோடு போகும்.

இதைத் தம்பி அன்று மாலையே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டான். மருந்தும் கண்டுபிடித்தான். ஓர் அறைக்குள் எல்லாம் முடிந்த பிறகும் அதன் திரையை அப்படியே வைத்திரு என்று சொல்லும் ஓர் அமைப்பு டிமக்ஸில் உண்டு. ஒற்றை வரி. மேல்வீட்டுக்குச் சொல்ல வேண்டும், அதாவது மணியை இரண்டு தடவை அழுத்திவிட்டு. கீழ்வீட்டுக்குச் சொன்னால் கீழ்வீடு சரி என்று கேட்டுக்கொள்ளும், மேல்வீட்டில் ஒன்றும் மாறாது.

அவன் விசைப்பலகையைப் பார்த்தபடி இரண்டு விரலால் தட்டுகிறவன். மணியை அழுத்தினான், வரியைத் தட்டினான், என்டர் அடித்தான், பிறகு தலையைத் தூக்கினான். திரையில் எந்த மாற்றமும் இல்லை. டிமக்ஸ் கெட்டது நடந்தால்தான் வாயைத் திறக்கும்.

ஒரு தடவை அழுத்தினேனா, இரண்டு தடவையா?

(அழுத்தினானா. மேலே ஒரு பிழை. அப்படியே இருக்கட்டும்.)

இன்னொரு தடவை கொடுத்துப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். கையை வைத்தால் விளங்காது என்று நிரூபணம் ஆனபிறகு அதே கையை மறுபடி வைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. லேப்டாப்பை மூடிவைத்துவிட்டான்.

போனை எடுத்து அக்காவிடம் இரண்டு வார்த்தை சொன்னால் அவள் அரை நிமிடத்தில் சரிசெய்துவிடுவாளே என்றும் கேட்பீர்கள். சரியான கேள்வி. இரண்டு வார்த்தை சொல்ல முடியாதவன்தான் இரண்டாயிரம் வார்த்தை எழுதுவான். செவ்வாய் இரவு சாப்பாட்டில் அவள் அம்மாவிடம், "இவன் இப்பல்லாம் கொஞ்சம் பொறுப்பாயிட்டாம்மா" என்றாள். அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தட்டைப் பார்த்தான். புதன்கிழமை அவன் கல்லூரியில் இருந்த நேரம்தான் அதிகம். அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் வந்தது அதுவே முதல் முறை.

எனக்குத் தோன்றிய முடிவுகளை இங்கே வைக்கிறேன்.

முடிவு அ: மணி பதினொன்று. ஏழு எண்கள் வருகின்றன. அறை மூடுகிறது. அக்கா திரையைப் பார்க்கிறாள். அவள் முகம்

(மூன்று தடவை முயன்றேன். முகம்வரை வந்து கை நின்றுவிடுகிறது.)

முடிவு ஆ: பத்தரை மணிக்கே மின்சாரம் போய்விடுகிறது. எல்லாம் நாசம், ஆனால் யார் பேரிலும் பழி இல்லை. (நல்ல முடிவு. ஆய்வகத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது.)

முடிவு இ: தம்பி சொல்லிவிடுகிறான். "அக்கா, செவ்வாக்கெழம சாயந்தரம் நான்

சரி. மீசை பொய்.

6.

மணி பத்து இருபது. இந்தக் கதையை நான் எங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லும் நேரம் வந்துவிட்டது. மேல்வீட்டில். இந்தத் தடவை விரல்விட்டு எண்ணி, இரண்டு முறை மணி அழுத்தி, மூன்றாம் அறை ஒன்றைத் திறந்து, காலையிலிருந்து இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

காரணம் உண்டு. அக்கா தினமும் பத்தரை மணிக்கு ஆய்வகத்திலிருந்து இந்த வீட்டுக்குள் வந்து பார்ப்பாள். அடுப்பில் பால் வைத்தவள்போல. ஒரே செஷனுக்குள் இரண்டு பேர் வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே அறைதான் தெரியும். அவள் வந்ததும் முதலில் கண்ணில் படப்போவது இந்தக் கதை. ஆமாம், வாசகர்களே, உங்களை இவ்வளவு நேரம் வாசகர்கள் என்று நினைத்துக்கொண்டது ஒரு பாவனை. இதன் வாசகி ஒருத்திதான். வாயால் சொல்ல வராததை அவள் படிக்கும்படி வைத்திருக்கிறேன். முடிவை எழுதும் பொறுப்பு அவளுடையது. அவள் படித்துக்கொண்டு வரும் வேகத்தைப் பொறுத்து

திரை சுருங்கிவிட்டது.

இதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரே செஷனுக்குள் சின்னத் திரைக்காரர் ஒருவர் நுழைந்தால், பெரிய திரைக்காரரின் திரையும் அந்த அளவுக்குச் சுருங்கும். மிச்சமான இடத்தில் புள்ளி புள்ளியாக நிரம்பும். ஆய்வகத்தில் அக்காவுக்குக் கொடுத்திருப்பது பழைய சதுரத் திரை. வலதுபக்கம் முழுக்க இப்போது புள்ளிகள். யாரோ கதவருகே வந்து நிற்கும்போது விழும் நிழல்போல.

நான் கையை எடுத்துவிட்டேன். (அதற்குப் பிறகு நடந்ததை இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன்.) கண் சிமிட்டும் கட்டம் தானாக நகர்ந்து கதையின் தலைப்புக்குப் போனது. அங்கிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கியது. எந்த எழுத்தாளனுக்கும் இது வாய்த்திருக்காது. வாசகர் எந்த வரியில் நிற்கிறார், எதைத் திரும்பப் படிக்கிறார், எதைத் தாண்டி ஓடுகிறார் என்பதெல்லாம் கண்முன்னே நடந்தது. வாய்க்காமல் இருப்பதே நல்லது என்று சொல்வேன். மீசையில் நின்றது. ஒரு சதுர அடைப்பு திறந்தது. எழுத்துகள் விழுந்தன. விளக்கப் பகுதியை அவள் ஒரே தாவலில் தாண்டினாள், பட்டைக் கலரில் மட்டும் ஒரு நிமிடம் நின்று சண்டைக்கு வந்தாள். பென் டிரைவில் நின்றாள். நாற்காலியில் நின்றாள்.

எக்ஸிட்டில் ஒரு சதுர அடைப்பு திறந்தது. உள்ளே ஒன்றும் விழவில்லை. அடைப்பு மூடியது.

அதற்குப் பிறகு இந்தக் கதையில் சதுர அடைப்புகள் இல்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அப்போது மணி பத்து நாற்பத்தொன்று.

7.

இந்தப் பகுதி கீழ்வீட்டின் இரண்டாம் அறையில் எழுதப்படுகிறது. செவ்வாய்க்கிழமையே வந்திருக்க வேண்டிய இடம்.

அக்கா முதல் காரியமாக என்னை வெளியே தள்ளினாள். டிமக்ஸில் அதற்கும் வசதி இருக்கிறது. கூட இருப்பவரைக் கழற்றிவிடலாம். என் திரையில் மேல்வீடு மறைந்து, கழற்றிவிடப்பட்டாய் என்று ஒற்றை வரி மட்டும் நின்றது. சொந்தக் கதையிலிருந்து ஆசிரியரையே கழற்றிவிட்டார்கள். மறுபடி நுழையப் பார்த்தேன். கடவுச்சொல் தப்பு என்றது. அவள் தட்டும் வேகத்தில் அதை மாற்ற நான்கு நொடி போதும்.

பதினொன்று ஆனது. பதினொன்று இருபது ஆனது. தபால்காரர் மணி அடித்தார். ஒரு தடவைதான். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் போனார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் போனில் ஒரு படம் வந்தது. சதுரத் திரையின் படம். மேலே ஏழு எண்கள். அதன் கீழே என் நான்கு தொடக்கங்களும் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் அடியில், அப்படி ஒரு கட்டளை கிடையாது, அப்படி ஒரு கட்டளை கிடையாது என்று நான்கு விமர்சனம். அதற்கும் கீழே எக்ஸிட். அதற்கும் கீழே, இந்த அறை முடிந்துவிட்டது என்று டிமக்ஸின் அறிவிப்பு. அறை முடிந்திருந்தது, திரை போகவில்லை.

பிறகு ஒரு குரல்செய்தி.

"டேய் எரும. ஏழும் வந்துருச்சு. நிரல் கடைசில என்ன காட்டுச்சோ அத ஒரு எழுத்துகூட மாத்தாம பின்னிணைப்புல போடணும்ங்கறார் கைடு. உன் வானம், முதல்வர், நாற்காலி எல்லாம் சேத்துதான். அது யார் எழுதினதுன்னு கேட்டார். தம்பின்னேன். நாற்காலி ஏன் ராஜினாமா பண்ணுச்சுன்னு கேட்டுட்டு வரச் சொன்னார்."

என் எழுத்து முதன்முதலில் அச்சேறப்போவது மணல் பற்றிய ஆய்வேட்டின் பின்னிணைப்பில். ஏற்கெனவே நான்கு முறை நிராகரிக்கப்பட்ட நிலையில்.

8.

மாலை அவள் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் நேரே வந்து என் தலையில் ஒன்று வைத்தாள். வலித்தது. ரொம்ப இல்லை. பிறகு லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டு, நின்றுகொண்டே காபி குடித்தாள். கதைக் கோப்பை எனக்கு அனுப்பிவிட்டதாகவும், அடைப்புகளை அழித்தால் கையை உடைப்பதாகவும் சொன்னாள்.

நான் கேட்டேன். "அக்கா, நீ போய்ப் பாத்தப்ப அந்த செட்டிங் ஏற்கெனவே இருந்துச்சா? இல்ல, நீதான் போட்டியா?"

"எதுக்கு?"

"செவ்வாக்கெழம நான் அழுத்தினது ஒரு தடவையா, ரெண்டு தடவையான்னு தெரியணும்."

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். துண்டில் கையைத் துடைத்தாள். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள். "ரெண்டு வருசம் கழிச்சுச் சொல்றேன். பென் டிரைவுக்கு நான் எத்தன நாள் தூங்காம இருந்தேன்னு உனக்கும் தெரியணும்ல."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த முடிவு. மேல்வீட்டில் என்னைக் காப்பாற்றியது நானா, அவளா என்பது அவளுக்கு மட்டும் தெரியும். உங்களுக்கு உதவக்கூடிய தடயங்கள் இரண்டு உண்டு. இன்று, வெள்ளிக்கிழமை காலையில், லேப்டாப்பை மறுபடி என்னிடம் கொடுத்தாள், நான் கேட்காமலே. திறந்து பார்த்தேன். மேல்வீட்டுப் பட்டை சிவப்பாகியிருந்தது.

இரண்டையும் வைத்து நான் இரண்டு விதமாகவும் தீர்ப்புச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இரண்டும் பொருந்துகிறது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, கன்ட்ரோலும் பி-யும் உங்கள் மேஜையில் இருப்பதாக நினைத்து, அவன் அழுத்தியதை அழுத்திப் பாருங்கள். விரல் எத்தனை தடவை இறங்கியது என்று எண்ணுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். எனக்கு நாற்காலி வேலை இருக்கிறது.